ஆறு ஒன்பதாகி ஐந்தானால்: டிஸ்னி வேர்ல்ட் உணவக முன்பதிவில் கடைசி நேர ஆள்கணக்கு மாற்றம் - ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்னதாகவே முன்பதிவு திறந்துவிடும். இணையத்தில் அந்த ஊர் நேரப்படி காலை 6 மணிக்குத் திறக்கும். டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குபவர்கள், தங்கத் தொடங்கும் நாளுக்கு 60 நாள் முன்பே, அதிகபட்சம் 10 நாள் தங்கலுக்கான வேளைகள் அத்தனையையும் ஒரே மூச்சில் பிடித்துவிடலாம். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு மாதத்துக்கு முன் கொடுத்த ஆள்கணக்கு, சாப்பிடப் போகும் நாளன்று அப்படியே இருப்பது அபூர்வம்.

இந்த ஆய்வில் வரும் குடும்பம் மாதிரிக்காக அமைத்தது. உணவகங்களும் விதிகளும் உண்மையானவை.

கணவன், மனைவி, 10 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 14 மாதக் கைக்குழந்தை, தாத்தா, பாட்டி. ஆக ஏழு பேர். முன்பதிவு செய்தவர் கைக்குழந்தையைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று வேளைக்கும் '6' என்று போட்டிருக்கிறார். முதல் நாள் காலை டிஸ்னியின் கன்டெம்பரரி ரிசார்ட் விடுதியில் செஃப் மிக்கீஸ் பஃபே. இரண்டாம் நாள் மதியம் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குள் சை-ஃபை டைன்-இன் தியேட்டர். மூன்றாம் நாள் இரவு எப்காட் பூங்காவின் ஜெர்மனி பகுதியில் பியர்கார்ட்டன். பயணத்துக்கு முந்தைய மாலை கணவனின் தம்பியும் அவர் மனைவியும் சேர்ந்துகொள்கிறார்கள், எண்ணிக்கை ஒன்பது. மூன்றாம் நாள் பிற்பகலில் தம்பி ஜோடி கிளம்பிவிடுகிறது, தாத்தா பாட்டிக்கு நடந்து நடந்து கால் ஓய்ந்துவிடுகிறது, மிச்சம் ஐந்து.

கண்ணுக்குப் படாத ஏழாவது ஆள்

தம்பி வருவதற்கு முன்பே இந்த முன்பதிவில் ஒரு தவறு இருக்கிறது. டிஸ்னியில் ஆள்கணக்கு என்றால் கைக்குழந்தையும் சேர்த்துத்தான். பஃபேயிலும் ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் இடங்களிலும் 3 வயதுக்குக் கீழே காசு கிடையாது. 3 முதல் 9 வரை குழந்தை விலை. 10 ஆனால் பெரியவர் விலை. 'காசு இல்லை' என்பதை 'கணக்கில் இல்லை' என்று எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் பிசகு.

குழந்தைக்கான உயர நாற்காலிக்கு மேசையின் ஓரத்தில் இடம் வேண்டும். சுவரோடு ஒட்டிய சோபா மேசை என்றால் அந்த நாற்காலி நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் சட்ட விதிகள், சக்கர நாற்காலி செல்லும் பாதை குறைந்தது 36 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே 'ஓரமா ஒண்ணு போட்டுக்கலாமே' என்று கேட்டதும் வாசலில் இருப்பவர் தயங்கினால் அது பிடிவாதம் அல்ல. சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தாலும் இதே கதைதான்: ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவரை அமர்த்த வேண்டும், அதற்குத் தோதான மேசை எல்லா மூலையிலும் இருக்காது. மடக்காத தள்ளுவண்டி பெரும்பாலும் வெளியிலேயே நிற்கும். குழந்தை அதிலேயே தூங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வரும் என்று திட்டம் போட வேண்டாம்.

இன்னொன்று: 60 நாள் முன்பு 9 வயதாக இருந்த பிள்ளைக்கு நடுவில் பிறந்தநாள் வந்திருந்தால் விலை மாறிவிடும். இடம் மாறாது, பில் மாறும்.

எண் அல்ல, மேசை

ஒரு உணவகத்தில் இருப்பது 'இத்தனை ஆள்களுக்கு இடம்' அல்ல. இரண்டு பேர் மேசை, நான்கு பேர் மேசை, ஆறு பேர் மேசை, மிகச் சில பெரிய மேசைகள். இதைப் புரிந்துகொண்டால் எந்த மாற்றம் சுலபம், எது கஷ்டம் என்று டிஸ்னியின் முன்பதிவு ஆப்பைத் திறப்பதற்கு முன்பே ஊகித்துவிடலாம்.

மூன்று பேர் நான்கு பேராவதும், ஐந்து பேர் ஆறு பேராவதும், ஏழு பேர் எட்டு பேராவதும் பெரும்பாலும் அதே மேசைக்குள் அடங்கும். நான்கு பேர் ஐந்து பேராவதும், ஆறு பேர் ஏழு பேராவதும் அடுத்த அளவு மேசையைக் கேட்கும். ஒற்றைப்படையிலிருந்து ஒன்று கூடினால் நிம்மதி. இரட்டைப்படையிலிருந்து ஒன்று கூடினால் தேடல். எல்லா உணவகத்துக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்தும் விதியல்ல இது. ஆனாலும் தேடும்போது கை கொடுக்கும். மூன்று பேருக்கு இடம் தேவை என்றால் நான்கு என்றும் தேடிப் பாருங்கள், ஐந்து என்றால் ஆறு என்றும். கிடைக்கப் போகும் மேசை அநேகமாக அதேதான், ஒரு நாற்காலி கையிருப்பில் இருக்கும்.

நம் குடும்பத்தில் ஆறு ஏழாவது கஷ்டமான பக்கம். ஏழு ஒன்பதாவது அதைவிடக் கஷ்டம். ஒன்பதுக்கு உணவகம் இரண்டு மேசைகளை ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் காலியாக வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், நகர்த்தக்கூடியவையாக இருக்க வேண்டும். ஆப்பில் 9 என்று போட்டதும் வெறும் திரை வருவதற்குக் காரணம் இதுதான். உணவகம் நிரம்பி வழிகிறது என்று அர்த்தமில்லை. அதே நேரத்துக்கு 4 என்று தேடினால் இடம் இருக்கலாம்.

முதல் நாள்: செஃப் மிக்கீஸ், ஒன்பது பேர்

முந்தைய மாலை. மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் முன்பதிவைத் திறந்து, 'மாற்று' என்ற வழியில் ஆள்கணக்கை 9 ஆக்கித் தேட வேண்டும். இந்த வழியில் போனால் புதிய இடம் கிடைத்து நீங்கள் உறுதிசெய்யும்வரை பழைய முன்பதிவு கையிலேயே இருக்கும். பதற்றத்தில் பலரும் செய்வது நேர்மாறாக இருக்கிறது: முதலில் இருப்பதை ரத்து செய்துவிட்டு, ஒன்பதுக்குப் புதிதாகத் தேடுகிறார்கள். ரத்தான ஆறு பேர் மேசை அந்த நொடியே பொதுத் தேடலுக்குப் போய்விடும், யாராவது கொத்திக்கொண்டு போவார்கள். கையில் இருந்ததும் போய், தேடியதும் இல்லை.

ஒன்பதுக்கு ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வேலை, அந்த ஆறைத் தொடாமல் விட்டுவிட்டு இன்னொரு சிறிய முன்பதிவு தேடுவது. எத்தனைக்கு? மூன்று போதும் என்று தோன்றும். நான்குக்குத் தேடுவது மேல். ஏனென்றால் யார் எந்த மேசையில் என்று பிரிக்கும்போது நான்கு இயல்பாக விழுகிறது: தாத்தா, பாட்டி, தம்பி, தம்பி மனைவி. பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் பழைய மேசையில். ஆறு பேர் மேசையில் ஐந்து பேர், உயர நாற்காலிக்குத் தாராளமாக இடம். கைக்குழந்தைப் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது.

பிள்ளைகள் மூவரும் ஒரே மேசையில் இருப்பது இந்த உணவகத்தில் முக்கியம். செஃப் மிக்கீஸில் மிக்கி மவுஸும் மற்ற டிஸ்னி பாத்திரங்களும் மேசை மேசையாக வலம் வருவார்கள். இரண்டு மேசையும் அறையின் இரண்டு கோடியில் அமைந்தால் ஒவ்வொரு மேசைக்கும் வேறு வேறு நேரத்தில்தான் வருவார்கள். பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தால் ஒருவன் படம் எடுத்துக்கொள்ளும்போது மற்றவன் பஃபே வரிசையில் நிற்பான், அப்புறம் அழுகைதான்.

இரண்டாவது முன்பதிவை வேறொரு பெரியவரின் கணக்கிலிருந்து செய்வது நல்லது. ஒரே கணக்கில் ஒரே வேளைக்கு இரண்டு போட்டால் நேரம் மோதுவதாக ஆப் முரண்டு பிடிக்கக்கூடும். நேரம் அப்படியே ஒன்றாக அமைய வேண்டும் என்ற கட்டாயமில்லை. 9:05, 9:20 என்று கால் மணிக்குள் இருந்தால் போதும். அதைவிட இடைவெளி கூடினால் முதல் மேசை முடிக்கும்போது இரண்டாவது மேசை தொடங்கும்.

வாசலில் பெயர் சொல்லும்போது இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லி, 'இரண்டும் ஒரே குடும்பம், பக்கத்தில் கொடுத்தால் காத்திருக்கத் தயார்' என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காத்திருக்கத் தயாரா இல்லையா என்பதைச் சொல்லாவிட்டால் வாசலில் இடம் ஒதுக்கும் ஹோஸ்ட் முதலில் காலியாகும் மேசையைக் கொடுத்துவிடுவார். சொல்லிவிட்டால் ஒரே பணியாளரின் பகுதியில் இரண்டு மேசையைப் பார்க்க அவருக்கு வாய்ப்பு உண்டு.

தம்பி வேறு காரில் வருகிறார் என்றால் ஒரு சின்ன விஷயம். விடுதி நுழைவாயிலில் காவலர், என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டு அடையாள அட்டையைப் பார்ப்பார். இரண்டாவது முன்பதிவு தம்பி பெயரில் இருந்தால் பதில் நேராக இருக்கும். அண்ணன் பெயரில் மட்டும் இருந்தால் வாசலில் போன் போட்டு விளக்கிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குள் 9:20 ஆகிவிடும்.

இரண்டாம் நாள்: காருக்குள் உட்கார வேண்டிய உணவகம்

சை-ஃபை டைன்-இன் பூங்காவுக்குள் இருக்கிறது. உணவக முன்பதிவு பூங்காவுக்குள் விடாது. அந்த நாளுக்கு ஒவ்வொருவருக்கும் தனியே பூங்கா டிக்கெட் வேண்டும். தம்பி ஜோடிக்கு அன்று டிக்கெட் இல்லை. இந்த இடத்தில் ஆள்கணக்கு மாற்றத்தில் இறங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, 'அவர்கள் உள்ளே வர முடியுமா?' என்பதுதான். முடியாது என்றால் இரண்டு வழி. ஒன்று, அந்த வேளையைப் பூங்காவுக்கு வெளியே, விடுதி உணவகத்துக்கோ, கடைகளும் உணவகங்களும் நிறைந்த டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்கோ மாற்றுவது. அங்கே டிக்கெட் தேவையில்லை. இரண்டு, அந்த வேளை மட்டும் அவர்கள் இல்லாமல். நம் குடும்பத்துக்கு இரண்டாவது சரி. ஒரு மதியச் சாப்பாட்டுக்காக இரண்டு டிக்கெட் வாங்குவது வீண்.

மிச்சம் ஏழு. முன்பதிவில் ஆறு. இந்த உணவகத்தில் மேசைகள் பழைய திறந்த காரின் வடிவத்தில் இருக்கின்றன. இருக்கைகள் வரிசை வரிசையாக, எல்லோரும் முன்னால் ஓடும் திரையைப் பார்த்தபடி. ஓரங்களில் சாதாரண மேசைகளும் உண்டு, எண்ணிக்கை குறைவு. பெரிய குடும்பம் எப்படியும் இரண்டு காரில்தான் உட்காரும். முன் வரிசையில் இருப்பவர் பின்வரிசையோடு பேச வேண்டுமானால் கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். ஒரே முன்பதிவாக வைத்துக்கொள்வதில் இங்கே பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஏழு என்று தேடி மல்லுக்கட்டுவதைவிட, தாத்தா பாட்டிக்கு '2' என்று தனியாகத் தேடலாம். இரண்டு பேர் இடம்தான் கடைசி நேரத்தில் சுலபமாகக் கிடைக்கும். பழைய ஆறில் ஐந்து பேர்.

கைக்குழந்தை இருக்கிறது என்பதை வாசலில் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். கார் வேண்டுமா சாதாரண மேசை வேண்டுமா என்பதை அங்கேதான் முடிவு செய்வார்கள். காருக்காகவே வந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வசதி கருதி ஓர மேசையில் உட்கார வைத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாம் நாள்: ஏறியது எளிது, இறங்கியது கஷ்டம்

பியர்கார்ட்டன் வேறு ரகம். நீள மேசைகள், ஒரு மேசைக்கு எட்டுப் பேர், தெரியாதவர்களோடு சேர்ந்து உட்காருவதுதான் அங்கே வழக்கம். எப்காட்டின் ஜப்பான் பகுதியில் இருக்கும் டெப்பன் எடோவிலும் இப்படித்தான்: சூடான இரும்புத் தகட்டைச் சுற்றி எட்டு இருக்கை, சமையல்காரர் எதிரில். இந்த வகை உணவகங்களில் மேசை அளவுக்குப் பதிலாக இருக்கை எண்ணிக்கையே பெரும்பாலும் பேசும். கடைசி நேரத்தில் ஒற்றை ஆள் கூடினால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. அதே எப்காட்டில் கார்டன் கிரில் இதற்கு எதிர்முனை. தரையே மெல்லச் சுழலும் வட்ட வடிவ உணவகம், சோபா இருக்கைகள் நிலையாகப் பதித்தவை. அங்கே நாற்காலி இழுத்துப் போடும் பேச்சுக்கே இடமில்லை.

பியர்கார்ட்டனில் ஆறு ஒன்பதாவது ஒரே முயற்சியில் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தம்பி ஜோடி எப்காட் நாளுக்கு மட்டும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். ஒரே முன்பதிவு, ஒன்பது பேர். எல்லாம் சுகம்.

மாலை 6:30 மணிச் சாப்பாடு. 3:30க்கு நால்வர் வரவில்லை என்று தெரிகிறது. ஆப்பில் 9ஐ 5 ஆக்கித் தேடினால், 6:30க்கு இடமில்லை என்கிறது! ஒன்பது பேர் இடத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு ஐந்து பேர் இடம் இல்லையாம். கேட்க அபத்தமாக இருந்தாலும் காரணம் எளிது. 'மாற்று' என்பது இருக்கும் இடத்தை வெட்டிச் சுருக்குவதல்ல, புதிதாக ஒரு தேடல். உங்கள் கையில் இருக்கும் ஒன்பது இருக்கைகளை அந்தத் தேடல் காலியாகக் கணக்கிடுவதில்லை.

இந்த இடத்தில் ரத்து செய்துவிடக் கூடாது. செய்ய வேண்டியது, டிஸ்னியின் உணவக முன்பதிவுத் தொலைபேசியில் பேசி எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது, அல்லது பூங்காவுக்குள் இருப்பவர் யாராவது உணவக வாசலுக்கே நேராகப் போய்ச் சொல்வது. ஆப் பார்ப்பது பட்டியல். வாசலில் நிற்பவர் பார்ப்பது நாற்காலி. ஒன்பதுக்கு எடுத்து வைத்த இடத்தில் ஐந்து பேரை உட்கார வைப்பது அவருக்குச் சிரமமே இல்லை, மிச்ச நான்கு இருக்கைகளை வெளியே காத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

கட்டணக் கணக்கு இங்கே வருகிறது. பெரும்பாலான உணவகங்களில் வராமல் போனாலோ தாமதமாக ரத்து செய்தாலோ ஆளுக்கு 10 டாலர். முன்பு ஒரு நாளுக்கு முன் ரத்து செய்ய வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் 2 மணி நேரம் முன்பு வரை செய்யலாம். 6:30 என்றால் 4:30 எல்லை. எல்லோருமே போகாமல் விட்டால் ஒன்பது பேருக்கு 90 டாலர். எண்ணிக்கை குறைகிறது என்றால் 4:30க்குள் தெரிவித்துவிடுவது நல்லது. பாட்டும் கூத்துமாகச் சாப்பாடு தரும் ஹூப்-டீ-டூ மியூசிக்கல் ரெவ்யூ போல முன்பணம் முழுவதும் கட்டிவிடும் நிகழ்ச்சிகளுக்கு விதி தனி. அங்கே வராத ஒவ்வொரு தலைக்கும் காசு ஏற்கெனவே போய்விட்டிருக்கும். எந்த உணவகத்துக்கு எந்த எல்லை என்பது உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் இருக்கும், பயணத்துக்கு முந்தைய நாளே அதைத் திறந்து நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பியர்கார்ட்டனிலும் 6, 4 என்று இரண்டு முன்பதிவு இருந்திருந்தால்? தாத்தா, பாட்டி, தம்பி, தம்பி மனைவி நால்வரும் இரண்டாவது முன்பதிவில். 3:30க்கு அதை முழுசாக ரத்து செய்தால் தீர்ந்தது. தேடல் இல்லை, தொலைபேசி இல்லை, கட்டணம் இல்லை. மறந்துபோய் 4:30 தாண்டினாலும் நஷ்டம் 40 டாலரோடு நிற்கும். எங்கள் முடிவு இது: எண்ணிக்கை இன்னும் ஆடும் என்று தெரிந்த குடும்பம், பெரிய முன்பதிவு கிடைத்தாலும்கூட, நிச்சயமாக வருபவர்களை ஒன்றிலும் வருவார்களோ மாட்டார்களோ என்பவர்களை இன்னொன்றிலும் வைப்பதே மேல். பிரிக்கும்போது வயதையோ உறவையோ பார்க்காமல், யார் சேர்ந்து விலகுவார்கள் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே சேர உட்காருவது பிறந்தநாள் போன்ற வேளைக்குத் தவிர்க்க முடியாதது என்றால் மட்டும் இந்த விதியை விட்டுவிடலாம்.

ஒன்றும் கிடைக்காதபோது

ரத்து எல்லை 2 மணி நேரம் என்பதால், சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு இரண்டரை மணி முன்னால் மேசைகள் விடுபட வாய்ப்பு அதிகம். முந்தைய இரவும் அப்படியே. மறுநாள் திட்டத்தை உட்கார்ந்து அலசும் குடும்பங்கள் வேண்டாததை அப்போது விடுகின்றன. இந்த இரண்டு வேளையிலும் 4, 2 என்று மாற்றி மாற்றித் தேட வேண்டும். 9 என்று போட்டு நாள் முழுவதும் புதுப்பித்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

உணவகத்தின் அருகில் இருக்கும்போது ஆப்பில் 'நேரில் வருவோர் பட்டியல்' தெரிந்தால் அதில் சேரலாம். எப்போதும் திறந்திருக்காது, திறந்தாலும் சிறு குழுவுக்குத்தான் சீக்கிரம் கூப்பிடுவார்கள். கூடுதலாக வந்த இருவரை மட்டும் அதில் போடுவது பலிக்கும், ஒன்பது பேரைப் போடுவது பலிக்காது.

ஒரே ஒரு ஆள்தான் கூடுதல் என்றால் ஆப்பில் கிடைக்காவிட்டாலும் வாசலில் கேட்கலாம். 10 நிமிடம் முன்னதாகப் போய், கூட்டம் நெருக்குவதற்குள் கேட்க வேண்டும். உட்கார்ந்த பிறகு 'இன்னொருத்தர் வர்றாங்க' என்று சொல்வது பணியாளரை இக்கட்டில் மாட்டிவிடும். பல உணவகங்கள் குழு முழுவதும் வந்த பிறகுதான் உள்ளே அழைக்கும், ஆகவே ஆள் வந்து சேருவதற்கு முன் செக்-இன் செய்து பிரயோசனம் இல்லை. எப்காட்டில் இது அடிக்கடி சொதப்பும். ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாட்டுப் பகுதிகள் அமைந்திருக்கும் ஏரியைச் சுற்றிய நடை சுமார் 1.2 மைல், ஜெர்மனி ஏறக்குறைய பின்கோடியில். 'எப்காட் வந்துட்டோம்' என்ற செய்திக்கும் மேசையில் உட்காருவதற்கும் நடுவே ஒரு நல்ல நடை இருக்கிறது.

எதுவுமே அமையாவிட்டால் ஆப்பிலேயே ஆர்டர் செய்யும் துரித உணவகங்கள். இவற்றுக்கு ஆள்கணக்கே தேவையில்லை, ஆனால் இருக்கையை நீங்களே பிடிக்க வேண்டும். இரண்டு போனில் இரண்டு ஆர்டராகப் போட்டு, ஒரே நேர இடைவெளியைத் தேர்ந்தெடுத்து, இருவர் முன்னால் போய் மேசை பிடிப்பது நடைமுறை. மேஜிக் கிங்டம் பூங்காவில் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் மாடியில் கூட்டம் சற்றுக் குறைவாக இருக்கும், பெரும்பாலோர் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பில் வந்ததும்

ஆறு பேரும் அதற்கு மேலும் உள்ள குழுவுக்கு 18 சதவீதம் டிப்ஸ் தானாகவே பில்லில் சேர்ந்துவிடும். ஐந்து ஆறானால் இந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்கள். அதைக் கவனிக்காமல் மேலே இன்னொரு டிப்ஸ் எழுதுபவர்கள் நிறைய. ஆறுக்குப் பதிந்து ஐந்து பேர் உட்கார்ந்த மேசையில் சேர்த்திருக்கிறார்களா இல்லையா என்பதைப் பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்க்கவில்லை என்றால் நீங்கள் எழுத வேண்டும், அங்கே அது விருப்பத்துக்கு விடப்பட்ட பழக்கம் அல்ல. பஃபேயில் தலைக்கணக்கையும் சரிபார்க்க வேண்டும்: முதல் நாள் செஃப் மிக்கீஸில் இரண்டு மேசையும் சேர்த்து பெரியவர் விலை 7 (10 வயதுப் பிள்ளையும் இதில் சேர்த்தி), குழந்தை விலை 1, கைக்குழந்தைக்கு எதுவும் இல்லை. முன்பதிவில் இருந்த எண்ணை வைத்தே பில் அடித்திருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும்.